பெருவிரலுக்கு எட்டும் தடி

சென்ற ஏப்ரல் விடுமுறையில் நானும் வாப்பாவும் தூண்டில் தடி ஒன்று வாங்க இரத்தோட்டைக்குப் போனோம். அதைச் சோதித்துப் பார்க்கத் தேவஹுவக் குளத்துக்கும் போனோம். மீன் பிடிப்பதில் எனக்கு ஆசை கிடையாது. வாப்பாவை முதலை பிடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் கூடவே போனேன்.

மாத்தளையில் வாப்பாவுக்கு மிளகு, கராம்பு வியாபாரம். கடை பூட்டியிருக்கும் நாட்களில் கலேவெலவுக்கு அப்பாலுள்ள அந்தக் குளத்துக்கு விரால் பிடிக்கப் போய்விடுவார். அவரிடம் இருந்தது கித்துள் மரத்தில் சீவிய நீளத் தடி. நுனியில் நூல் கட்டியிருக்கும், அவ்வளவுதான். விராலோ தாமரைக் கொடிகளுக்கு நடுவே கிடக்கும். அதனால் கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் பிடிப்பார். இரண்டு வருடங்களுக்கு முன் அதே குளத்தில் வாப்பாவின் கூட்டாளி ஹனிபா மாமாவின் காலை முதலை கவ்வியது. அவர் உயிர் தப்பினார், ஆனால் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதற்குப் பிறகும் வாப்பா போவதை நிறுத்தவில்லை. அவர் வீடு திரும்பும் வரை என் புத்தகத்தில் ஒரு வரிகூட மனதில் ஏறாது.

அந்த நேரத்தில்தான் தூண்டில் நூல் சுற்றும் ரீல் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்ட தோட்டத்துத் துரை ஒருவர் அதை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குரிய தடியைச் செல் அரித்துவிட்டதாம். ரீல் பெட்டிக்குள் முள் பூட்டிய இரண்டு மரப் பொய்மீன்களோடு மடித்து வைத்திருந்த ஆங்கிலத் தாளை அகராதியின் உதவியோடு வாசித்தேன். ரீல் தடியின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். எறியும்போது நூல் சுற்றிய உருளை சுழலும். பொய்மீன் தண்ணீரைத் தொடும்போது பெருவிரலால் அழுத்தி உருளையை நிறுத்த வேண்டும். சரியாக எறிந்தால் முப்பது யார், அதாவது தொண்ணூறு அடி தூரம் போகும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் பலமுறை வாசித்தேன். முப்பது யார் என்றால் அணைக்கட்டில் நின்றே தாமரையை எட்டலாம். வாப்பா தண்ணீரில் இறங்கத் தேவையே இல்லை.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை ஆறு மைல் அளவு இருக்கும். காலை பஸ்ஸில் தேயிலைக் கொழுந்துக் கூடைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டே போனோம். பங்களாச் சாமான்களை வாங்கி விற்கும் முதலாளி ஒருவரின் கடையில் இரண்டு தடிகள் இருந்தன. ஒன்று பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த பத்தடித் தடி, சாட்டை போல வளைந்தது. மலைநாட்டு ஓடைகளில் துரைமார் பூச்சித் தூண்டில் போடுவதற்கு வைத்திருந்ததாம். மற்றது என் தோளுயரம்தான் இருந்தது. வளையங்கள் சிறியவை. பிடியின் அடியில் விரல் மாட்ட ஒரு கொக்கி.

வாப்பா யோசிக்காமல் நீளத் தடியை எடுத்தார்.

"வாப்பா, ரீல் வைக்கிற இடம் கைக்குக் கீழ, அடி நுனியில ஈக்குது. பெருவிரல் எட்டாதே?" என்றேன்.

"எட்ட வேண்டியது விரல் இல்ல மகள், தடி. தடி நீண்டாத்தான் தூரம் போகும்."

எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கும் எல்லோருடைய கணக்கும் இதுதான். கித்துள் தடி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் தூண்டில் எட்டும். ரீலோடு அந்தக் கணக்கு மாறிவிடுகிறது என்று அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை.

என் முகத்தைப் பார்த்த முதலாளி, வாப்பாவை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சிரித்தார். "நானா, புள்ள அழுதுரும் போல இருக்குங்க. ரெண்டையும் கொண்டு போய்ப் பாருங்க. வேணாததத் திருப்பிக் குடுத்தா சரி."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போனோம். ஏறக்குறைய முப்பது மைல். அங்கே பஸ் மாறிக் கலேவெலவில் இறங்கினோம். ஹனிபா மாமா மாட்டு வண்டியோடு காத்திருந்தார்.

"என்ன மகள், முதலைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவா வந்த?"

"நீங்க ஏன் மாமா திரும்பவும் அங்க போறீங்க?"

"மிச்சக் காலையும் குடுத்தா ரெண்டும் ஒரே அளவா ஈக்குமே!"

வாப்பாவும் அவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அணைக்கட்டில் வெயில் ஏறியிருந்தது. குளிக்கும் இடத்தைச் சுற்றி முதலை வராமல் கம்பு நட்டு வேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டித் தாமரை. தாமரைக்கும் கரைக்கும் இடையில் பட்ட மரங்களின் குற்றிகள் தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தன. பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். குற்றிகளை எண்ணினேன். ஐந்து.

வாப்பா நீளத் தடியில் ரீலைப் பூட்டி எறிந்தார். பாரமான பொய்மீனைத் தாங்காமல் தடி துவண்டது. பொய்மீன் எங்கள் முன்னாலேயே விழுந்தது. உருளை மட்டும் நிற்காமல் சுழன்று, நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொண்டது. பெருவிரலைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால் ரீல் முழங்கைக்குக் கிட்ட இருந்தது. சிக்கெடுத்து மறுபடி எறிந்தார். இந்த முறை பொய்மீன் பக்கவாட்டில் பறந்து, ஒரு குற்றியில் கொளுவிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை.

வாப்பா செருப்பைக் கழற்றினார்.

"வேணாம் வாப்பா! இன்னொண்டு ஈக்குதே!"

"அந்தப் பொய்மீன் இனி இந்த நாட்டில கெடைக்காது மகள். முழங்காலளவு தண்ணிதான்."

முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு. அவருடைய சட்டையின் பின்புறம் நனைவதைப் பார்த்துக்கொண்டே குற்றிகளை மறுபடி எண்ணினேன். நான்கு. மறுபடியும் நான்கு.

"மாமா," என்றேன், "முன்ன அஞ்சு குத்தி இருந்திச்சு."

ஹனிபா மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. "நானா," என்றார் மெதுவாக, "தண்ணியக் கலக்காம, அப்படியே பின்னால வாங்க. பொய்மீன் கெடக்கட்டும்."

வாப்பா ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தார். அவர் கரையேறி நின்ற பிறகு, ஐந்தாவது குற்றி மேலே வந்தது. அவர் சற்று முன்பு நின்றிருந்த இடத்துக்கு மிகக் கிட்ட. அதற்குக் கண்கள் இருந்தன.

வாப்பா செருப்பைப் போட முயன்றார். வார் பிடிபடவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். பிறகு நூலை அறுத்து, ரீலைக் கழற்றிக் குட்டைத் தடியில் பூட்டி, மற்றப் பொய்மீனைக் கட்டினேன். கொக்கியில் சுட்டுவிரலை மாட்டியதும் பெருவிரல் தானாகவே உருளைமேல் வந்து உட்கார்ந்தது. வாப்பா வாங்கிப் பார்த்தார். "அட!" என்றார், அவ்வளவுதான்.

குற்றிகள் இல்லாத பக்கத்துக்கு நகர்ந்து, அணைக்கட்டின் மேலேயே நின்று எறிந்தார். பொய்மீன் தாமரை ஓரத்தில் போய் விழுந்தது. சில எறிகளுக்குப் பிறகு தண்ணீர் வெடித்தது போல ஒரு விரால் கவ்வியது. தடி வளைந்தது. மீன் கொடிகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது, நூல் அசையவில்லை. தொடையளவு விராலாக இருக்கும் என்றார் மாமா. இறங்கினால் பிடித்துவிடலாம்.

வாப்பாவின் இடது கை சாரன் மடிப்புக்குப் போனது. நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மாமாவிடம் கத்தியை வாங்கி நூலை அறுத்துவிட்டார்.

விடுமுறையில் ரீலுக்குத் தடி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரீலைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே பூட்டிப் பாருங்கள். பெருவிரல் வசதியாக உருளைமேல் வராத தடியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நுனி கொஞ்சம் வளைய வேண்டும், நடுப்பகுதி விறைப்பாக நிற்க வேண்டும். பொய்மீன் இரண்டுக்கு மேல் எடுத்துச் செல்லுங்கள், தொலைந்தால் தொலையட்டும் என்று விட்டுவர மனம் வேண்டுமே. தேவஹுவவுக்குப் பஸ் குறைவு. கலேவெலவில் வண்டி பேசிக்கொள்வது நல்லது. போய்ச் சேர்ந்ததும் குற்றிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நீளத் தடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலாளி கேட்டார்: "என்ன நானா, மீன் கெடைச்சதுங்களா?"

"மீன் போயிட்டுது முதலாளி," என்றார் வாப்பா. "கால் ரெண்டும் ஈக்குது. குட்டத் தடி எனக்கு."