வெளிச்சத்தில் மிதந்த மா

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கோடை மத்தியானங்கள் பாதி நித்திரையில்தான் கழியும். ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று வீசும் நாட்களில் தெருவில் நாய்கூட நடக்காது. பல்லரோ சந்தையில் காலை முழுக்கக் கூவிய வியாபாரிகளும் ஓய்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டு யன்னல்களைச் சாத்தி, ஒன்றை மட்டும் ஒருக்களித்துவிட்டு, குசினி மேசையில் உட்கார்ந்து மா அரிப்பேன்.

இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவிப்பார்கள். சூடு ஆறுமுன் கட்டி உடைத்து அரித்து வைத்துவிட்டால் கிழமை முழுவதும் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் காணும். விடியமுதல் மத்தியானம்வரை அடுக்குமாடிகளின் படிகளைத் துடைக்கிற எனக்கு, வீட்டில் மனைவி நம்பித் தந்திருந்த ஒரே வேலை அதுதான். யன்னல் இடுக்கால் விழும் வெளிச்சத்தில் மாத்தூள் எழும்பும். கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு போக மனமில்லாததுபோல மெல்ல மெல்ல இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகள். பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம், அவளுக்குக் கோதுமை ஒரு துகளும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரியாமல் வாயில் பட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் படுத்துவிடுவாள். அது போதாதென்று அவளாகவே பாலையும் முட்டையையும் விட்டாள். “நெய் சைவம்தானே பிள்ளை?” என்று மனைவி கேட்க, “நெய் மரத்திலையே காய்க்குது அம்மா?” என்று திருப்பிக் கேட்டாள். நான் சிரித்துத் தொலைத்ததற்கு மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் வீட்டில் சமைத்ததைத் தொட்டதில்லை. பார்மசியில் வாங்கிய, கோதுமையில்லாத சாப்பாட்டுப் பாக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவாள். ஏன் அங்கே என்று கேட்டால், “அங்கை நல்ல காத்து அப்பா” என்பாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். பெரிய படிப்புப் படிக்கிறவளுக்கு எங்கள் மேசை கசந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஆட்களின் பிறந்தநாளில் கேக் வெட்டுவது ஒரு சாட்டுத்தான். அப்பா, அம்மா, மாமா, மாமி என்று ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் வாயில் துண்டை வைத்துப் படம் எடுக்கவேண்டும். அதுதான் விசயம். போன பிறந்தநாளில் நான் நீட்டிய துண்டுக்கு அவள் வாயைத் திறந்தாள். படம் எடுத்து முடியும்வரை திறந்தபடி வைத்திருந்தாள். பிறகு மெல்ல மூடிக்கொண்டாள். துண்டு என் விரல்களிலேயே இருந்தது. படம் நன்றாக வந்திருந்தது. இன்றைக்கும் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

இந்த வருடம் என் கையால் ஒரு துண்டாவது அவள் வாய்க்குள் போகவேண்டும் என்று மனதுக்குள் ஒற்றைக்காலில் நின்றேன். மாவில்லாத, பாலில்லாத, முட்டையில்லாத கேக். “ரவையிலை லவ் கேக் அடிப்பம். அதிலை மா இல்லைத்தானே,” என்றாள் மனைவி. “அம்மா, ரவையும் கோதுமைதான்!” என்று பல்கனியிலிருந்து குரல் வந்தது. அதோடு லவ் கேக்கின் கதை முடிந்தது.

போனில் தேடிப் பார்த்தேன். பல்லரோவில் வாதுமைப்பருப்பு வாங்கி வந்து வீட்டில் திரித்தேன். சீனிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து மசித்தேன். பட்டருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால், கூடவே கொக்கோ. முட்டைக்குத்தான் வழி தெரியாமல் முழித்தேன். கொண்டைக்கடலை அவித்த தண்ணியை அடித்தால் முட்டை வெள்ளைபோல நுரைக்கும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று மனைவி சொன்னாள். இத்தனை காலமும் கையலம்பும் தொட்டியில் ஊற்றிய தண்ணி, வெள்ளை வெளேரென்று பொங்கி எழும்பியதைப் பார்த்ததும் சட்டியை அவள் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். வீடு முழுக்க வாதுமையும் கொக்கோவும் மணத்தன. கேக்கை மேசையில் யன்னலோரமாக ஆறவைத்தேன். ஆறும்வரை சும்மா ஏன் இருப்பது என்று, அப்போதுதான் அவித்து இறக்கிய மாவை எடுத்து அரிக்கத் தொடங்கினேன். வெளியே காற்று ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. நான் வழக்கம்போல எங்கேயோ போய்விட்டேன்.

நிமிர்ந்தபோது மகள் வாசலில் நின்றாள். அவள் கேக்கைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளிச்சத்துக்குள் என் மாத்தூள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணிறக் கேக்கின்மேல் சீனித்தூள் தூவியதுபோல மெல்லிய வெள்ளை படிந்திருந்தது.

“நல்ல வாசம் அப்பா. ஆறட்டும், பிறகு சாப்பிடுறன்.”

“இதுக்கோ நீ பல்கனிக்குப் போறனீ?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“வாயிலை என்ன கொழுக்கட்டையோ? சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன். கத்தினால் அழுகை வெளியே தெரியாது என்று ஒரு நினைப்பு எனக்கு.

“மா அரிக்கிற நேரத்திலை உங்கட முகத்தை நீங்கள் ஒருநாளும் பாக்கேல்லை அப்பா,” என்றாள். “விடியவே போய் ஆரோ ஆக்களின்ரை படியளைத் துடைச்சுப்போட்டு வாறியள். அந்த நேரம் மட்டுந்தான் உங்கட முகத்திலை களைப்பு இல்லை. அதை வேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அரிதட்டைக் கையில் வைத்தபடி நான் அழுதேன். எங்களை ஒதுக்கி வைத்தாள் என்று நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த பிள்ளை, எனக்காக அல்லவா வெயிலில் போயிருந்து சாப்பிட்டிருக்கிறாள்!

மறுநாள் கோதுமை மா, அவிக்கும் துணி, அரிதட்டு எல்லாவற்றையும் கீழ்வீட்டு மன்னார்க்காரக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஈரத்துணியால் அலுமாரியின் தலை, மின்விசிறியின் இதழ்கள், சுவர் என்று எல்லாம் துடைத்தேன். ஊரார் படிகளைத் துடைக்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை? “இஞ்சருங்கோ, சீலிங்கை ஏன் தேய்க்கிறியள்? அங்கையும் புட்டு அவிச்சனீங்களோ?” என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவு கடையில் வாங்கிய அரிசிமாவில் புட்டு. கொஞ்சம் கல்லுப்போல இருந்தது. பழகிவிடும் என்று சொல்லி விழுங்கினேன்.

பிறந்தநாளன்று புதுத் தட்டில், புதுக் கரண்டியால் மறுபடியும் கேக் செய்தேன். அந்த மத்தியானம் நாங்கள் மூவரும்தான். மகள் வெட்டினாள். நான் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். வெளிச்சம் அதே இடத்தில் சாய்ந்து விழுந்தது. அதற்குள் எதுவும் மிதக்கவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். மனைவி போனைத் தூக்கி, “இஞ்சை பாருங்கோ” என்று சொல்வதற்குள் மூடிவிட்டாள். படத்தில் என் வெறும் விரல்கள் மட்டும் விழுந்திருக்கின்றன.

மென்று விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“பேரீச்சம்பழம் கூடிப்போச்சு அப்பா. த்ரொப்போ, சரியான இனிப்பு.”

இந்த வீட்டுச் சாப்பாட்டில் அவள் குறை சொல்லி எவ்வளவு காலம்!

“வேண்டாமெண்டா வை!” என்று கத்தினேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.