மைக்செட்காரரின் காது

சபையில் எல்லோரும் அவரை மைக்செட் என்றே கூப்பிடுவார்கள். பெயரைச் சொன்னால் திரும்பமாட்டார். மைக் லேசாகக் கரகரத்தால் போதும், தலை தானாகத் திரும்பும். அப்படி ஒரு காது! ஆராதனை முழுக்கக் கடைசி வரிசையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டே இருப்பார். பாஸ்டருக்குத் தொண்டை கட்டியிருப்பதைப் பாஸ்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். பிரசங்கம் எதைப் பற்றி என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

மனைவி விடுவாளா? "இன்னைக்கு என்ன வசனம், சொல்லுங்க பாப்போம்."

"ஸ்பீக்கர் இரைஞ்சுச்சு. அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லா பாத்தீங்க போங்க! ஆண்டவரே வந்து பேசினாலும் நீங்க வயரைத்தான் புடிச்சு ஆட்டுவீங்க."

சிரித்து மழுப்பிவிடுவார். ஊழியம்தானே செய்கிறோம் என்ற மிதப்பு வேறு.

அவர் மனசை அரித்தது ஒன்றே ஒன்றுதான்: அவருடைய தம்பி. அம்மாவை அடக்கம் செய்த அன்று, "நீ சரியா பாத்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவன். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. தினமும் காலையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, தம்பி விஷயத்துல ஒரு வார்த்தை பேசும்" என்று கெஞ்சுவார். கெஞ்சிய கையோடு பக்கத்து வீட்டு மோட்டார் ஏன் இப்படி முனகுகிறது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். பதில் எங்கே நுழையும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையார் ஒவ்வொருவராக மனம் திறந்து சாட்சி சொல்லும் நேரம். முன்னால் யாரோ மைக்கை வாங்கியதும் ஸ்பீக்கரில் ஒரு உறுமல். அவ்வளவுதான், நம்மாள் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். பேசுகிறவர் குரல் நடுங்குவதுகூடக் காதில் விழுந்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்திருக்கிறான், கூறுகெட்டவன் என்று திட்டிக்கொண்டே கழன்று கிடந்த வயரை அழுத்திச் செருகினார். எழுந்து பார்த்தால் சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கை வைத்துவிட்டு நேராக அவரிடம் நடந்து வந்தான் தம்பி.

"அண்ணே, கேட்டியா?"

"கேட்டேன்டா. சத்தம் நல்லா வந்துச்சு."

தம்பியின் முகம் சுருங்கிப் போனது. "சத்தமா?" என்றான்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சீச்சீ, என்ன மனுஷன் நான்! கெஞ்சிக் கேட்ட வார்த்தை தன் ஸ்பீக்கர் வழியாகவே வந்திருக்கிறது, அவரோ வயரைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். "மன்னிச்சுட்டேன்டா" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்லடா. ஒரு வார்த்தைகூட நான் கேக்கல. வெக்கமா இருக்கு. இன்னொரு தடவை சொல்றியா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"அம்மாவைப் பாக்காம விட்டது நான்தாண்ணே. அந்தப் பழியை உன் தலையில போட்டேன்."

ஒருமுறை சொல்லவே அவனுக்கு உயிர் போயிருக்கும். அதை இரண்டாம் முறையும் சொல்ல வைத்துவிட்ட அண்ணனால் தலை நிமிர முடியவில்லை.