ஒரு நூல் இடுக்கம்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ரோபோக்களுக்குச் சட்டை செய்பவர். துணிச் சட்டை இல்லை, பிளாஸ்டிக் சட்டை. வீட்டிலேயே ரோபோ செய்து பார்க்கிற ஆசை பலருக்கு இருக்கிறது. சக்கரம், மோட்டார், ஒயர் எல்லாம் பூட்டி ஓடவும் வைத்துவிடுவார்கள். ஆனால் குடல் வெளியே தொங்குகிற மாதிரி, பார்க்கச் சகிக்காது. அப்போதுதான் எங்கள் பட்டறை ஞாபகம் வரும். அண்ணி அதை மேசைமேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்து, மரத்தில் அச்சு இழைப்பார். சூட்டில் தொய்ந்த பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் போட்டு, மோட்டாரால் காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் கழற்றி ஓரம் வெட்டினால் மேலோடு தயார். அதைத்தான் நாங்கள் சட்டை என்போம். வர்ணம் அடிப்பது நான். வாயடிப்பதும் நான்தான் என்பார் என் கணவர்.

அண்ணி அதிகம் பேசமாட்டார். ஒரு காலத்தில் சம்பந்தம் பேச வந்தவர்கள் அவர் கைகளில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அண்ணிக்கு இப்போது நாற்பத்தாறு. அவர் சம்பாதித்து வைத்திருப்பது ஒரே ஒரு பெயர்தான்: அந்தக் கை அளவு தப்பாது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், தகட்டுக்குத் தகடு அது மாறும். அண்ணி தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தே அதற்கு இடம் விட்டு அச்சு இழைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் லிஃப்ட்காரருக்குச் செய்த சட்டை பற்றவில்லை.

லிஃப்ட்காரர் பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். ஒரு மத்தியானம், தன் ரோபோவைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்ன வேலை செய்யும்?" என்று அண்ணி கேட்டார்.

"வேலைன்னு ஒண்ணும் இல்லீங்க. நான் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டா வாசல் வரைக்கும் வரும்."

"வந்து?"

"வந்து நிக்கும். அவ்வளவுதான்."

அண்ணி அளவெடுப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணி கவிழ்ந்தது அந்த நிமிடத்தில்தான்.

முதல் சட்டை தோளில் இடித்தது. "ஒரு நூல் இடுக்கமா இருக்கு. அடுத்த வாரம் வாங்க, வேற செஞ்சு வைக்கிறேன்," என்றார் அண்ணி. ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அடுத்த வாரச் சட்டை முதுகில் இடித்தது. லிஃப்ட்காரர் முகம் சுளிக்கவே இல்லை. வந்த நேரமெல்லாம் சாவகாசமாக உட்கார்ந்து பேசினார். எங்கள் மோட்டார் இரைவதைக் கேட்டுவிட்டு, சொல்லாமலே பேரிங் மாற்றிக் கொடுத்தார். பேச்சுக் குரல் கேட்கட்டும் என்று வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லை என்றார். அவர் வருகிற நாளில் அண்ணி, பிளாஸ்டிக் பொடி பறக்கிற பட்டறைக்கு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்தார்.

மூன்றாவது சட்டையின்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கழுத்து வெட்டுவதற்காக அண்ணி கோடு போட்டார். கோடு சரியாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி வெட்டினார்.

"அண்ணி, இது நூல் குறைக்கிறதா, இல்ல நூல் விடுறதா?"

காது மடல் வரை சிவந்துபோய், "வேலையைப் பாரு," என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சட்டையும் கழுத்தில் இறங்கவில்லை. "வீட்டுல வச்சு மாட்டிப் பாக்கிறேன்" என்று லிஃப்ட்காரர் அதை எடுத்துப் போனார். மறு வாரம் அவர் வரவில்லை. தெருவில் போன ஒவ்வொரு வண்டிக்கும் அண்ணி தலை நிமிர்ந்தார். எனக்கு அதற்குமேல் கேலி வரவில்லை. பாழாய்ப்போன மனுஷி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன? ஒரு சட்டை எத்தனை காலம்தான் பற்றாமல் இருக்கும்?

அதற்கடுத்த வாரம் அவர் வந்தார். ரோபோ சட்டை போட்டிருந்தது.

"கழுத்தை நானே அரத்தால ராவிட்டேங்க," என்றார், முகமெல்லாம் பெருமையாக. "எத்தனை தடவைதான் உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறது? இப்ப கச்சிதமா இருக்கு. இனிமே தொந்தரவு இல்ல."

ராவின இடம் எலி கடித்ததுபோல் இருந்தது. வேறு யாராவது அப்படி ராவியிருந்தால் அண்ணி அரத்தைப் பிடுங்கி வீசியிருப்பார். அதை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா ராவியிருக்கீங்க," என்றார்.

லிஃப்ட்காரர் பையிலிருந்து ஒரு புது எஃகு அளவுகோலை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்களுது தேஞ்சுபோயிருக்குமோன்னு தோணிச்சு. அதான் அளவு தவறுதோ என்னவோ. தப்பா எடுத்துக்காதீங்க." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "ஓடிப் போய்ச் சொல்லுங்க அண்ணி! தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாரு!"

"என்னன்னு சொல்றது?" அண்ணியின் குரல் உடைந்தது. "எங்கிட்ட இருந்தது அந்த ஒரு பேருதான். அவருக்காக அதைக் கெடுத்துக்கிட்டேன். அந்த ஒரு நூலையும் அவரு உக்காந்து ராவி எடுத்துட்டாரு."

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வர்ணக் கையோடு அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அழுது ஓய்ந்ததும் புது அளவுகோலைப் பழையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு சேர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் மெதுவாக. "எஃகு அளவுகோல் எங்கேயாவது தேயுமா? நாள் முழுக்க அளவுகோலும் கையுமா இருக்கிறவரு, அவருக்கா இது தெரியாது?"

அண்ணி புது அளவுகோலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் வேணும்னே வெட்டினது தெரிஞ்சேதான் வாங்கிட்டு வந்திருப்பாரோ?"

"அப்ப போய்க் கேளுங்களேன்!"

அண்ணி வாசல் பக்கம் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"கேட்டு, நிஜமாவே தேஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன்னு சொல்லிட்டார்னா?"