டோரின் ஆர்கன் வந்தால் பாடுகிறேன்

என் மனைவி டோரின் ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். அந்த அதிகாரம் அப்படியே மகளுக்கு வந்துவிட்டது. ஏவுவதற்கு ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நான் சொல்வேன். "யாகப்பனுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மலேசியாவில் மந்தின் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய சுங்கை ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். பால்மரம் சீவப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்வது டோரினுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பாள். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று மலாக்கா பக்கத்து முகாமைக் காலி செய்தபோது, அவர்களுடைய பாட்டுக் குழு விட்டுப்போன காம்போ ஆர்கன் என்ற மின்சார வாத்தியம் கைமாறிக் கைமாறி எங்கள் தோட்டத்து இசைக்குழுவுக்கு வந்து சேர்ந்தது. சிவப்புப் பெட்டி, மடக்கி வைக்கும் இரும்புக் கால்கள். கட்டைகளின் நிறம் மட்டும் தலைகீழ்: வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் கறுப்பு. "என்னா இது, பல்லு வெளக்காத ஆர்மோனியமா?" என்றாள் டோரின். மறுநாளிலிருந்து வேறு யாரையும் தொடவிடவில்லை.

கல்யாணமோ மாரியம்மன் திருவிழாவோ, லோரியின் பின்பக்கம்தான் எங்களுக்கு மேடை. டோரின் ஆர்கன், நான் மைக் செட், பாட்டு அர்ச்சுனன் அண்ணன். அர்ச்சுனன் அண்ணன் மரம் சீவுகிறவர். அவர் பாடினால் சாப்பாட்டுப் பந்தியில் கைகள் அப்படியே நிற்கும். நான் மிகைப்படுத்துகிறவன்தான், ஆனால் இது சத்தியம்.

எழுபத்தெட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பேய்மழை. ஆர்கன் லோரியிலேயே ஊறிப்போனது, அதோடு வாயை மூடிக்கொண்டது. எங்கள் குழுவும் கலைந்தது. அர்ச்சுனன் அண்ணனை சிரம்பானில் ஒரு குழு கூப்பிட்டது. அவர்களிடம் தானாகவே தாளம் போடும் புது மிஷின் இருந்தது. முதல் மேடையிலேயே அண்ணன் இரண்டாவது சரணத்தில் எடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். மிஷின் அவருக்காக நிற்காமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மனிதர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான், அதற்குப் பிறகு முணுமுணுக்கக்கூட இல்லை. அவருடைய மகள் கோமளாவுக்கு அப்போது மூன்று வயது.

அந்தக் கோமளாவும் டோரினும் பிற்பாடு சுங்கை காடுட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ரேடியோவுக்குள் வைக்கும் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் வேலை. நான் அதே தொழிற்சாலையின் பஸ் ஓட்டினேன். தொண்ணூற்றேழில் கோமளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒருநாள் பஸ்ஸில் டோரின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதுகொண்டு வந்தாள்.

"அத்தை, எனக்கு நகை வேணாம், ஒண்ணும் வேணாம். கல்யாணத்துல அப்பா ஒரு பாட்டுப் பாடணும். அவ்வளவுதான் கேட்டேன். டோரின் ஆர்கன் வந்தா பாடுறேன்னு சொல்றாரு."

"அந்த ஆர்கன்தான் செத்துப்போச்சே" என்றேன் நான்.

"அது தெரிஞ்சுதானே லா சொல்றாரு!"

அன்று வேலை முடிந்து டோரினோடு வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும், "அவரு பாடாம இருக்கிறதுக்கு என் ஆர்கன்தான் சாக்கு. அந்தச் சாக்க எடுத்துடறேன்" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்த ஆர்கனை வெளியே இழுத்தோம். உள்ளே எலி குடும்பமே நடத்தியிருந்தது. பன்னிரண்டு சுரத்துக்குப் பன்னிரண்டு பலகைகள். தொழிற்சாலையில் செய்கிற வேலையை டோரின் வீட்டில் செய்தாள். எவ்வளவு பற்றவைத்தும் ஐந்து பலகைதான் உயிர் பிழைத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழைத்த ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாது, ஒப்பாரி கூட வைக்க முடியாது.

சிரம்பானில் லோபாக் பக்கம் நாச்சியப்பன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். வட்டிக்கடைக் குடும்பம். தனக்கு அந்தத் தொழில் வேண்டாம் என்று வீட்டோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர். டோரின் சொன்னதைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா கஷ்டப்படுறீங்க அக்கா? கம்ப்யூட்டருக்குள்ளயே ஆர்கன் ரெடியா இருக்கு லா." ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார்.

"இது பொணம் எடுக்கிறப்ப வாசிக்கிறது" என்றாள் டோரின்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு வழி சொன்னார். உயிரோடு இருக்கிற ஐந்து சுரத்தையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால், மென்பொருள் அவற்றை மேலும் கீழும் இழுத்து மற்ற சுரங்களை உண்டாக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரோடு ஒரு சின்ன இசைக் கீபோர்டை இணைத்து, பழையபடி விரலால் வாசிக்கலாம். டோரினுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

சொன்னது சுலபம். அந்த ஆர்கனில் சுரத்தை நடுங்க வைக்க ஒரு விசை உண்டு. நடுக்கத்தோடு பதிவு செய்தால், மேலே இழுத்த சுரம் வேகமாகவும் கீழே இழுத்தது மெதுவாகவும் நடுங்கியது. மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினால் காய்ச்சல் கண்ட மூன்று பேர் பாடுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விசையை அணைத்து மறுபடி பதிவு செய்தார்கள். நடுக்கத்தைப் பிறகு மென்பொருளே எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாகப் போட்டது. கடை மூடியதும் இதே வேலை. நான் பஸ்ஸில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

எல்லாம் முடிந்த அன்று டோரின் ஒரு பாட்டின் முன்னிசையை வாசித்தாள். பாதியில் கையை எடுத்தாள்.

"சுரம் சரி. நடுக்கம் சரி. ஆனா இது அது இல்ல."

"அதே ஆர்கன்ல இருந்துதானே அக்கா எடுத்தோம்?"

"எனக்கும் அதுதான் புரியல. எங்கிட்டயே பொய் சொல்லுது. இத அர்ச்சுனன் அண்ணன் நம்புவாரா?"

அவள் குரல் உடைந்தது. என் டோரின் தோற்றுப் போய் நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு இரண்டே வாரம்தான் இருந்தது.

நாச்சியப்பன் அந்த ஆர்கன் பாடிக் கேட்டவர் அல்ல, அதனால் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். "நீங்க வாசிக்கிறப்ப சத்தம் எங்கேருந்து வரும்?"

"மரத்து மேலேருந்து."

"மரமா?"

"இவரு ரெண்டு குழாய் ஸ்பீக்கர ரப்பர் மரத்துல கட்டிருவாரு. அதுலதான் எனக்கும் கேக்கும், அண்ணனுக்கும் கேக்கும்."

சொல்லி முடிக்கும் முன்பே டோரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏழு வருடம் அந்த ஆர்கனை வாசித்தவள், அதன் நேர்க்குரலைக் கேட்டதே இல்லை! நாங்கள் கேட்டதெல்லாம் என் தகரக் குழாய்க்குள் புகுந்து, கொஞ்சம் கரகரத்து, மூக்கால் பேசிக்கொண்டு வந்த ஆர்கன். "பாத்தியா, பாதி ஆர்கன் நான்தான்" என்றேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் அவள் மறுத்துப் பேசவில்லை.

கல்யாண மண்டபத்தில் குழாய் கட்ட விடமாட்டார்கள். அதனால் பக்கத்தில் ராசா என்ற ஊரின் கோயிலில் ஒரு குழாயை இரவல் வாங்கி வந்து, எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தில் கட்டினேன். ஒவ்வொரு சுரத்தையும் அதில் விட்டு, கீழே மைக் பிடித்து, மறுபடியும் பதிவு செய்தோம். தெரு நாய்கள் எல்லாம் கூடவே பாடியதால் பல தடவை நிறுத்த வேண்டியிருந்தது. மறுநாள் கடையில் டோரின் அதே முன்னிசையை வாசித்தாள். நாலு சுரம் போவதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்யாணம் ராசாவில். மேசைமேல் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அர்ச்சுனன் அண்ணன் சிரித்துவிட்டார். "என்னா தங்கச்சி, டிவி பொட்டிய கொண்டாந்துட்டு ஆர்கன்னு சொல்ற?" சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். கோமளா மணவறையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் டோரின் முன்னிசையைத் தொடங்கினாள். தண்ணீர்க் கூஜாவோடு போய்க்கொண்டிருந்த அண்ணன் நின்றார். மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். குழாயைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு கூஜாவை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்து மைக்கை எடுத்தார்.

எடுத்தவர் பாடவில்லை. தொடங்க வேண்டிய இடம் போய்விட்டது. வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை, நெற்றியெல்லாம் வியர்வை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டோரின் விரலை எடுக்கவில்லை. அழுத்திய மூன்று கட்டைகளையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். மண்டபம் முழுக்க அந்த ஒரு சத்தம் நின்றது. அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எடுங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

அவர் எடுத்தார். முதல் வரி தழுதழுத்தது. இரண்டாவது வரியில் பழைய மனிதர் வந்துவிட்டார். பந்தியில் கைகள் நின்றன. கோமளா தேம்பித் தேம்பி அழுதாள், பூசிய மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. மாப்பிள்ளை பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. அண்ணன் மைக்கைத் தரவில்லை. இன்னொன்று பாடினார். பிறகு இன்னொன்று. அடுத்த பந்திக்குக் காத்திருந்த சம்பந்தி வீட்டார் பசியில் நெளிந்தார்கள். நாலாவது பாட்டுக்கு அவர் தொண்டையைச் செருமியபோது கோமளாவே மணவறையிலிருந்து சொல்லிவிட்டாள்:

"அப்பா, போதும்பா. எல்லாரும் சாப்பிடட்டும் லா."

"நீதானே பாடச் சொன்ன?" என்றார் அர்ச்சுனன் அண்ணன், மைக்கிலேயே. "நீ என் பாட்டுக் கேக்காம வளர்ந்த வருஷத்துக்கெல்லாம் சேத்துப் பாட வேண்டியிருக்கு. உக்காரு."