ஒரே வரியில் வந்த கேட் காவலாளி

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெலிமடையில் லொறிக்கு லீக்ஸ் மூட்டை ஏற்றி, பிறகு பதுளை பஜாரில் சொந்தக் கடை போட்டேன். யார் தயவும் இல்லை. அது மட்டுமா, கதையும் எழுதினேன். பேப்பரில் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். அவரவர் எழுதிய பழைய கதை ஒன்றில் ஒரு வரியில் வந்து போகிற ஆளை எடுத்து, ஒரு மாதத்துக்குள் நாவல் எழுத வேண்டும். வட்டத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக் கிளார்க். "உங்களுக்கு ஏலுமோ, முதலாளி? இது மூட்டை தூக்குற வேலை இல்லை" என்று சிரித்தார்.

"நீங்க மூட்டை தூக்கிப் பாத்திருக்கீங்களா? ஒரு மாசம் எதுக்கு, இருபது நாள் போதும்" என்றேன்.

என் லொறிக் கதையில் 'காவலாளி ரயில் கேட்டை மூடினான்' என்று ஒரு வரி. அவனையே எடுத்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு கேட்டுக்கு அருகில் மூன்று நாள் உட்கார்ந்து, ரயில் வருகிற நேரமெல்லாம் கொப்பியில் குறித்தேன். பாலம் எங்கே, சுரங்கம் எங்கே என்று படமும் போட்டேன். அதே கொப்பியில் கதையையும் தொடங்கினேன். யுத்த காலத்தில் ஒரு தமிழன் செய்யக்கூடாத வேலை அது என்று மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்தக் கொப்பியோடு வெலிமடைக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். கொப்பியைப் புரட்டிய சிப்பாயின் கை படத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தெரு சலூன்காரர் இப்படித்தான் இறக்கப்பட்டார். வீடு வந்துசேர எட்டு மாதம். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

சிங்களத்தில் பேசி எந்த வியாபாரியையும் கவிழ்க்கிறவன் நான். அன்றைக்கு "கதாவக் சேர், கதாவக்", கதைதான் ஐயா, என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை.

ஒரு சார்ஜன்ட் வந்தார். ஹல்துமுல்லையில் தமிழர் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம். தமிழ் பேசினார், வாசிக்கத் தெரியாது.

"கதைன்னா வாசி."

வாசித்தேன். என் காவலாளி எவனுக்கும் பயப்படாதவன். ஸ்டேஷன் மாஸ்டரையே கன்னத்தில் அறைகிறான்.

"பொய்," என்றார் சார்ஜன்ட். "சம்பளத்துக்கு வேலை செய்றவன் எவன் அப்படி அடிப்பான்? இது கதை இல்ல. ரயில் நேரம் எதுக்கு எழுதின?"

நான் எழுதியிருந்தது அவ்வளவுதான். அடுத்த பக்கம் வெறும் தாள். அதைப் பார்த்து வாசிப்பதுபோலச் சொன்னேன்: "அவனுக்கு ரயில் நேரம் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் பயம். கேட்ட மூடுனோமான்னு நாலு தடவை போய்ப் பாப்பான். சுரங்கத்துல சத்தம் கேட்டா விளக்கக் கூட்டி வச்சுக்குவான். பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. தைரியசாலின்னு ஊருல பேரு வாங்கிட்டான்ல, இனி எப்படிச் சொல்றது..."

சார்ஜன்ட் என் கையைப் பார்த்தார். கொப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"இன்னும் எழுதல சேர்."

படத்தையும் நேரம் எழுதிய தாள்களையும் கிழித்து எடுத்துக்கொண்டார். "போய் எழுது. படம் போடாத."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அறை விழுந்த பக்கங்களைக் கிழித்துப் போட்டு, முதலிலிருந்து எழுதினேன். இருபது நாள் என்றேன், பதினெட்டு நாளில் முடித்தேன். கூட்டத்தில் வாசித்தபோது கிளார்க் சிரிக்கவில்லை. "இந்தப் பயத்தை எங்க பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"எல்லாம் கற்பனைதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தச் சாவடியை எடுக்கும்வரை, வெலிமடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு பேனாகூட வைத்ததில்லை.