நான் எழுதாத ஜெபச் சீட்டு

இந்தச் சாட்சியை மேடையில் நின்று சொல்லும்படி பாஸ்டர் கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நின்று பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதைவிட, என் தப்பை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. எழுதும்போது விடமுடியாது. ஆண்டவருடைய பிள்ளைகளே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவன். இருபத்திரண்டு வருடத்தில் தொழிற்சாலைக்கே தலைமை ஆனேன். போன வருடம் மே மாதம் அந்தப் பதவி வந்தது. கேக் வெட்டினார்கள், மாலை போட்டார்கள். எல்லாம் முடிந்து கார்க் கதவைச் சாத்தியபோது எனக்குள் ஒன்றுமே இல்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. வீட்டுக்குப் போகாமல் கொரட்டூர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா இத்தனை வருடம் ஓடினேன்?

அன்றிலிருந்து சாப்பாட்டில் ருசி போனது. பிரியாணியும் ரசம் சோறும் நாக்குக்கு ஒன்றாகத்தான் இருந்தன. டாக்டர் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறீர்கள் என்றார். குடும்பத்தோடு கொடைக்கானல் போனேன். கிட்டார் வாங்கினேன். அது இன்னும் உறை பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது.

ஒரு மாலையில் என் மகள் பிரியா, பிளஸ் டூ படிக்கிறவள், சமையலறையில் அவள் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. 'சரி'ன்னு சொல்லுவாரு. அவ்ளோதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், துணியை எடு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் வீட்டில் இருந்துகொண்டே இவர்களை இழந்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜெபிக்கலாம் என்றால் என்ன கேட்பது? வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, எல்லோருக்கும் சுகம் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் போய் இன்னும் ஏதோ குறைகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெபச் சீட்டு. வெளியே பெயர், உள்ளே விண்ணப்பம். மடித்துக் கூடையில் போடுவோம். பிறகு ஆளுக்கு ஒன்று எடுத்து, அந்த விண்ணப்பத்துக்காக அடுத்த மூன்று மாதம் ஜெபிப்போம். உள்ளே இருப்பதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. ஜூலை முதல் ஞாயிறு கூடை என்னிடம் வந்தபோது, பெயரை மட்டும் எழுதி வெற்றுத் தாளை மடித்துப் போட்டேன். எல்லோரும் பார்க்கிறார்களே, சும்மா இருக்க முடியுமா? பதிலுக்கு ஒரு சீட்டை எடுத்து லேப்டாப் பையின் பக்கவாட்டு உறையில் செருகினேன். பெயரைக்கூடப் படிக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து காரை எடுக்கப் போனேன். சரோஜா அக்கா வேகமாக வந்தார். முத்தாபுதுப்பேட்டையில் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிறவர். ஆவடிவரை பஸ்ஸிலும், பிறகு ரயிலிலும் நம் சபைக்கு வருகிறவர். அதுவரை அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கையில் என் வெற்றுச் சீட்டு இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கசங்கி, ஓரமெல்லாம் மஞ்சள் கறை பிடித்திருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. எழுதக்கூட முடியாத அளவுக்கு இன்னா கஷ்டம் உங்களுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுமில்லை அக்கா என்றேன்.

"ஒண்ணும் இல்லாதவங்க, எல்லாம் நல்லா கீது, ஸ்தோத்திரம்னு எழுதுவாங்க. நீங்க அதுவும் எழுதலியே."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்காக உபவாசம் இருந்திருக்கிறார். பத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு நான்கு வீட்டுப் பாத்திரம் தேய்த்திருக்கிறார், ஒரு வெற்றுத் தாளுக்காக. விஷயம் என்னவென்று சொன்னால் இனி அதையே சொல்லி ஆண்டவரிடம் கேட்பேன் என்றார். நான் ஏதோ உளறிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே எனக்கு என்னதான் குறை? எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இயந்திரம் நின்றுபோனால் ஏன் என்று கேட்போம். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்போம். இப்படி ஐந்து முறை கேட்டால் அடியில் இருக்கிற காரணம் பிடிபட்டுவிடும். ஆயிரம் பழுதை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். என்னையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தாளுக்காகப் பையைத் துழாவினேன். கையோடு வந்தது, ஜூலையில் நான் கூடையிலிருந்து எடுத்த சீட்டு.

வெளியே, 'துரை, நூம்பல்' என்று இருந்தது. தண்ணீர் லாரி ஓட்டுகிற துரை அண்ணன். கடைசி வரிசையில் உட்காருகிறவர். இரண்டரை மாதம் கழித்து அந்தச் சீட்டைப் பிரித்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

'கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் துணை ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் ஆண்டவரே.'

ஏன் என்று ஐந்து முறை கேட்கத் தேவை இருக்கவில்லை. இந்தச் சேதி பூமியில் ஒரே ஒரு மனிதனுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்த மனிதன் அதைப் பையில் போட்டுக்கொண்டு ருசி இல்லை, ருசி இல்லை என்று அலைந்திருக்கிறான். சரோஜா அக்கா எழுதாத சீட்டுக்குப் பட்டினி கிடந்தார். நான் எழுதிய சீட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மீட்டிங்கை ஒத்திவைத்துவிட்டு நூம்பலுக்குப் போனேன். துரை அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மனைவி இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற நிலை. இரண்டு முறை தேதி வாங்கி, துணை இல்லாமல் இரண்டு முறையும் திரும்பியிருக்கிறார். கண் மங்கியதால் லாரிச் சாவியையும் முதலாளி வாங்கி வைத்துவிட்டார். யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே அண்ணே என்று கேட்டுவிட்டேன். எவ்வளவு துணிச்சல் பாருங்கள் எனக்கு.

"சீட்டுல எழுதிப் போட்டேன். யார் கையில கீதோ, அவங்க ஜெபம் பண்ணிகினுதானே இருப்பாங்க? ஆள் வரும்னு ஒக்காந்துகினு கீறேன்."

அந்த நிமிடம் காலடியில் பள்ளம் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். உங்கள் சீட்டு என்னிடம்தான் இருந்தது, நேற்றுத்தான் பிரித்தேன் என்று சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. அந்தச் சத்தம் முழுக்கத் தேயும்வரை கேட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து பிரிச்சி இன்னிக்கி வந்துட்டீங்க. சரி வுடுங்க. எப்ப போலாம்?"

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டேன். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இன்னொரு வெற்றிடம். நர்ஸ் அவசரப்படுத்தினார். 'தம்பி' என்று எழுதினேன். அவருடைய சட்டை, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார்கள்.

நான்கு மணி நேரம் அந்தப் பெஞ்சில் இருந்தேன். போனை எடுக்கத் தோன்றவில்லை. ஆண்டவரே, அந்தக் கண்ணைக் காப்பாற்றும் என்று ஒரே வரிதான் ஜெபித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குக் கேட்பதற்கு ஒன்று இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னதும் பசித்தது. கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி ஒரு வாய் வைத்தேன். உப்பு குறைச்சல். அது நாக்கில் தெரிந்தது! கையில் பொட்டலத்தோடு சிரித்தேன், பிறகு அழுதேன். கேஷியர் அம்மா பயந்துவிட்டார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். துரை அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா? மூணாவது வரிசையில ஒக்காந்து வாட்ச்ச பாத்துகினே இருப்பீங்களே."

அன்று மாலை பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிரிக்காத சீட்டையும் சேர்த்து. அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிறகு நான் அவளுடைய போட்டியைப் பற்றிக் கேட்டேன். என்ன தலைப்பில் பேசினாள் என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. முழுப் பேச்சையும் நின்றுகொண்டே பேசிக் காட்டினாள்.

பதவி அதேதான். அம்பத்தூர் ரோட்டில் நெரிசலும் அதேதான். ஆனால் வெறுமை போய்விட்டது. அது எப்படிப் போனது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறேன். சரோஜா அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். என்ன குறை என்றே தெரியாமல், பத்து வெள்ளிக்கிழமையும் எனக்காக என்னதான் கேட்டீர்கள்?

"இன்னா கேக்கறதுன்னு எனக்கும் தெர்ல தம்பி. ஆண்டவரே, அவரு கையில இன்னா கீதோ, அத்த அவருக்குக் காட்டுன்னு கேட்டேன்."

சகோதர சகோதரிகளே, கேட்கத் தெரியாவிட்டாலும் வெற்றுத் தாளையாவது கூடையில் போடுங்கள். அதையும் படிக்கிறவர் நம் ஆண்டவர். ஆனால் போன முறை எடுத்த சீட்டு உங்கள் பையில் பிரிக்காமல் கிடந்தால், வீட்டுக்குப் போகிறவரை வைத்திருக்க வேண்டாம், இங்கேயே பிரித்துவிடுங்கள். நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்பி, ஒருவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.