வண்டு போகும் வழி

மேசன் சீமெந்து குழைத்தான். அந்த ஈர மணத்தில் அக்காவின் நினைவு வந்தது. போருக்குப் பிறகு திரும்பக் கிடைத்த காணியில் வீடு இல்லை. விறாந்தையின் சீமெந்து நிலம் மட்டும் கிடக்கிறது. அந்த நிலம் காயாத நாளில் அவள் ஆணியில் நூலைக் கட்டி ஒரு வட்டம் கீறி, அதே நூலளவில் அந்த வட்டக் கோட்டிலேயே நடுப்புள்ளி வைத்து வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டே போக, கணக்குப் பார்க்காமலே ஒரு பூவின் ஆறு இதழும் ஒரே அளவாக விரிந்துகொண்டு வந்தன. கடைசி இதழில் நான் நூலை இழுத்துவிட்டேன்.

"குரங்கே, நூல் நீண்டா இதழ் முட்டாதடா!"

"வண்டு போக வழி வேணுமெல்லே?"

சிரித்தாள், அந்த இடைவெளியைத் திருத்தவில்லை. இடம்பெயர்ந்த வழியில் செத்துப்போனாள். அவளுடைய படம்கூட என்னிடம் இல்லை.

"அண்ணை, உந்தப் பூ பிழைச்சுப்போச்சு. உடைச்சுப்போட்டுப் புதுசாப் போடுவமோ?" என்றான் மேசன்.

"உடையாதை தம்பி. அந்தப் பிழை என்ரை."